திருடனுக்கு ஒரு பர்ஸ்

திருடனுக்கென்றே தனியாக ஒரு பர்ஸ் தயார் செய்துகொண்டு விமானம் ஏறிய ஆள் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யோசனை என்னுடையதல்ல, பக்கத்து வீட்டு வில்சனுடையது. தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் வில்சன், போகிற வழியிலும் வருகிற வழியிலும் செல்போனில் உலகத்துக் குற்றங்களையெல்லாம் பார்த்து முடித்துவிடுவான். எந்த ஊரில் கழுத்துச் சங்கிலி போகும், எந்த ஊரில் கார் போகும், எந்த ஊரில் கிட்னி போகும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான்.

"இன்னா ப்ரதர், ஜோகன்னஸ்பர்க்கா? அங்க திருடன் வந்தா பேச்சே கூடாது. கேட்டத குட்துட்டு போய்கினே இருக்கணும். பாக்கெட்ல ரெண்டு பர்ஸு வை. ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவனுக்கு."

"அவனோடதுல இன்னா வைக்கிறது?"

"எதனா வை. வெறும் பர்ஸ குட்தா அவனுக்குக் கோவம் வரும்ல?"

நியாயமாகப் பட்டது. காலாவதியான கேன்டீன் அட்டை ஒன்றை வைத்தேன். நான் வேலை செய்யும் கனரக இயந்திரத் தொழிற்சாலை கொடுத்தது. நான் ஒல்லியாக, மீசையில்லாமல் இருந்த காலத்துப் படம் அதில் இருக்கும். கூடவே, சபையில் கொடுத்த அட்டை ஒன்று, திருடக் கூடாது என்ற பைபிள் கட்டளை அச்சிட்டது. எங்கள் வீட்டில் அது எட்டாவது கட்டளை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி ரோஸ்லினுக்கு அது ஏழாவது. எண் எதுவானாலும் படிக்கிற திருடனுக்கு உறுத்த வேண்டும் என்பது என் கணக்கு. அட்டை தமிழில் இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

போன காரியம் இதுதான். எங்கள் ஒரே மகள் ஷீபாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கம்பிக் கூண்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் கேஜ், அதன் பிரேக்கைச் சோதித்துச் சொல்கிற வேலை. எங்கள் ஊர்ச் சுரங்கத்தை மூடியபோது அவள் கைக்குழந்தை. எந்தக் கேஜில் அவள் தாத்தா இறங்கினாரோ அதை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் கடல் தாண்டிப் போய் கேஜைப் பிடித்துக்கொண்டாள். சோதனைக் காலம் முடிந்து, நிரந்தரமாக இருக்கிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. பதில் சொல்லவேண்டிய நேரம்.

நான் அந்த ஊரின் பெயரைக் கேட்டதிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. ரோஸ்லின்தான் தெளிவாக இருந்தாள். அவளும் சுரங்கத் தொழிலாளியின் மகள்.

"நீங்க அங்க போயி திருடன எண்ணிகினு உக்காராதீங்க. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வாங்க. நம்ம பொண்ணு ஒரு நாளு வீட்டுக்கு வரலன்னா தேடறதுக்கு அங்க ஆளுங்க கீறாங்களா? இருந்தா இருக்கட்டும். இல்லன்னா கையோட இட்டுகினு வந்துடுங்க."

விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால், ஊருக்கு நடுவே மஞ்சளாக, தட்டையாக மலைகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம சயனைடு மேடு! தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மண் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் குவிகிறது. காற்றடித்தால் இங்கேயும் துவைத்த துணியில் புழுதி படியும் என்று நினைத்ததும், ஏதோ மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் ஷீபா குடியிருக்கும் வளாகத்தின் கேட்டு வரைக்கும்தான் நின்றது.

விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துக்கொண்ட ஷீபாவோடு டாக்சி கேட்டில் நின்றதும், கையில் தடியோடு ஒரு ஆள் வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். நல்ல உயரம். தலையில் கம்பளிக் குல்லாய். ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. வில்சனின் குரல் மட்டும் கேட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, திருடன் பர்ஸை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு நேராகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர் பர்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து ஷீபாவிடம், "மேடம், இது என்ன?" என்றார்.

"எங்க அப்பா."

"அது தெரிகிறது. இது என்ன?"

ஷீபா கண்ணை மூடிக்கொண்டாள். "டாடி, அவர் பேரு டுமிசானி. நம்ம கேட்டு வாட்ச்மேன். எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு கேட்டாரு. அவ்ளோதான்."

"தெரியும்மா. சும்மா ஒரு டிப்ஸு குட்தேன்."

"உங்க கேன்டீன் கார்டையா?"

டுமிசானி பர்ஸைத் திருப்பி நீட்டினார். வாங்கினால் பயந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். "பரவாயில்லை, பரிசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன், மகாராஜா மாதிரி. அவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டார். அவர்கள் ஊர் மரியாதை அப்படியாம்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க ஷீபாவோடு வெளியே போனபோது டுமிசானி அந்தச் சபை அட்டையை என்னிடம் காட்டினார். "சார், இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"திருடக் கூடாது."

டுமிசானி அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கா?" என்றார்.

அதன் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஷீபாவின் வீடு மாடியில். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா, சாவித்திரி. எல்லோரும் சாவி ஆன்ட்டி என்கிறார்கள். பெயருக்கேற்ப இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. நடந்தால் கோயில் யானை வருகிற மாதிரி சத்தம். கதவுக்கு வெளியே கம்பிக் கதவு, அதற்கு வெளியே இன்னொன்று, மதில் மேல் மின்சார வேலி. எங்கள் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வேலி என்றால் அதில் பாவாடை காயும். இந்த வேலியில் கை வைத்தால் ஆளே காய்ந்துவிடுவான்.

சாவி ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவராம். எங்கள் முன்னோரும் அங்கிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்கள்தான். அப்படிப் பார்த்தால் எங்கள் சொந்தக்காரி. தமிழில் அவருக்கு மிஞ்சியிருப்பது சாப்பாட்டுப் பெயர்களும் வசவுகளும் மட்டும்தான். இரண்டையும் ஒரே அன்போடு சொன்னார். ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி முன்னால் வைத்தார். தட்டு வேண்டாம், ரொட்டியே பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயாவில் பன்னை முக்கித் தின்கிற என்னைப் போன்றவனுக்கு இது பன்னே குழம்பை விழுங்கிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வருகிற காரம். இந்த ஊரைப் பற்றி முதல் முறையாக நல்ல விதமாக நினைத்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி தன் கதையைச் சொன்னார். "சிக்னலில் நின்றேன். துப்பாக்கியைக் காட்டி, இறங்கு என்றான். இறங்கினேன். பின்சீட்டில் உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது. தம்பி, அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போ, சாயங்காலம் விருந்தாளி வருகிறார்கள் என்றேன்."

"கொடுத்தானா?"

"இறக்கியே வைத்தான். கார்தான் போயிற்று."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஷீபாவைப் பார்த்தேன். அவள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்சன் சொன்னதெல்லாம் பொய்யில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது, எங்களிடம்தான் சொல்லவில்லை.

அன்று மதியம் ஆன்ட்டி என்னை மினிபஸ்ஸில் கடைவீதிக்கு அழைத்துப்போனார். அதற்கு நிறுத்தம் கிடையாது. விரலை உயர்த்துகிற விதத்தைப் பார்த்து எங்கே போகவேண்டும் என்று ஓட்டுநர் தெரிந்துகொள்கிறார். நான் காதைச் சொறிந்ததற்கே ஒரு வண்டி நின்றது. உள்ளே ஏறியதும் பணத்தை முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் கொடுக்கவேண்டும். அது கைமாறிக் கைமாறி முன்னால் போகிறது, சில்லறை அதே கைகள் வழியே திரும்பி வருகிறது. திருடர்களின் தலைநகரத்தில் நடுவே ஒரு கைகூட அதை விழுங்கவில்லை. நான் வியந்துகொண்டிருந்தபோது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. என் பக்கத்துக் கதவு கழன்று என் மடியில் சாய்ந்தது. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னவோ சொன்னார். ஆன்ட்டி மொழிபெயர்த்தார்: "கதவோரம் உட்கார்ந்தவர் பிடித்துக்கொள்ளட்டும் என்கிறார்." கடைவீதி வரும்வரை தென்னாப்பிரிக்காவின் ஒரு கதவுக்கு நானே பொறுப்பாக இருந்தேன்.

ஆனால் அந்தத் துப்பாக்கிக் கதை மனசிலிருந்து இறங்கவில்லை. யோசித்து யோசித்து, எங்கள் ஊர் முறைதான் சரி என்று முடிவு செய்தேன்.

எங்கள் சுரங்கத்தில் ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு, எண் போட்டது. கீழே இறங்கும்போது அதைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஆபீசில் ஆணியில் மாட்டிவைப்பார்கள். ஷிஃப்டு முடிந்து மேலே வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் வந்த பிறகும் ஆணியில் ஒரு வில்லை தொங்கினால், ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். அப்புறம் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். லைனே கேஜ் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு வந்து நின்றுவிடும். நந்திதுர்க் ஷாஃப்டில் என் அப்பா கொடுத்து வாங்கிய வில்லையை நான் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன், ஒரு துணைக்கு.

மறுநாள் டுமிசானியின் கேட்டு அறையில் இரண்டு ஆணி அடித்தேன். ஒன்று எனக்கு, அப்பாவின் வில்லை. ஒன்று ஷீபாவுக்கு, சோடாமூடியில் துளை போட்டது. வெளியே போனால் மாட்டு, உள்ளே வந்தால் எடு.

"டாடி, இது ஆபீஸ் இல்ல. மானம் போவுது."

"மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம்மா. ஆளு போனா?"

டுமிசானிக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "தொங்கினால் தேட வேண்டும். அவ்வளவுதானே?" என்றார்.

அதற்கு அடுத்த நாள் ஷீபா வேலைக்குப் போன பிறகு, வீரம் முற்றி, நான் தனியாக வெளியே கிளம்பினேன். தெருமுனைக் கடையில் பால் வாங்கவேண்டும். செல்போனை எடுத்துப்போனால் பறிப்பார்கள் என்று குக்கருக்குள் வைத்து மூடினேன். கேட்டில் வில்லையை மாட்டினேன். டுமிசானி சல்யூட் அடித்தார்.

திரும்பும்போது பின்னால் ஒரு ஆள். நான் வேகமாக நடந்தால் அவனும் வேகமாக நடந்தான். நின்றால் நின்றான். தோளில் என்னவோ பெரிய பை. ஆள் அடைக்கிற அளவு. பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கேட்டில் சாமான் வண்டி ஒன்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. டுமிசானி அந்தப் பக்கம் நின்று அதன் ஓட்டுநரிடம் பேசிக்கொண்டிருந்தார். வண்டியின் இந்தப் பக்கமாக ஒட்டிக்கொண்டே உள்ளே பாய்ந்து, மாடியேறி, எல்லாக் கதவையும் பூட்டி, சோபாவை இழுத்துக் கதவில் சாய்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

வில்லையா? அது ஆணியிலேயே தொங்கியது. ஓடுகிறவனுக்கு வில்லையா ஞாபகம் இருக்கும்?

கொஞ்ச நேரம் கழித்து யாரோ கதவைத் தட்டினார்கள். "சார்! சார்!" ஆண் குரல். இந்த ஊரில் திருடர்கள் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள் என்று வில்சன் சொல்லியிருந்தான். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். காலடி இறங்கிப் போனது.

பிறகு கீழே ஒரே அமளி. திரைச்சீலையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். சாவி ஆன்ட்டி கையில் சப்பாத்திக் கட்டையோடு கேட்டுக்கு ஓடினார். விளக்குச் சுழல்கிற காவல் வண்டி ஒன்று வந்து, தலைக்கவசம் போட்ட இருவர் இறங்கினார்கள். எதிர்வீட்டுக் கிழவர் நாயை அவிழ்த்துக்கொண்டு வந்தார். டுமிசானி புதர் புதராகத் தடியால் விலக்கிப் பார்த்தார். என்னைத் துரத்திய ஆள்கூட அங்கே இருந்தான். தோளில் இருந்த மக்காச்சோள மாவு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனும் தேடினான். அவன் பக்கத்து வளாகத்தின் தோட்டக்காரன் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வளாகத்துக்குள் திருடன் புகுந்துவிட்டான், ஊரே சேர்ந்து தேடுகிறது. சோபா போதாது என்று சாப்பாட்டு மேசையையும் இழுத்துக் கதவில் சாய்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஷீபா வேலையிலிருந்து ஓடிவந்தாள். முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, "எங்க டாடி... எங்க டாடிக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது" என்று அழுதாள். ஆன்ட்டி அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திருடனைத் தேடுகிற இடத்தில் என் பிள்ளை வெட்டவெளியில் நிற்கிறாள்! ஜன்னலைத் திறந்து கத்தினேன்:

"ஷீபா! அங்க நிக்காத! திருடன் உள்ள பூந்துகினான்! ஓடி வா!"

கீழே சத்தம் நின்றது. தலைகள் ஒவ்வொன்றாக மேலே நிமிர்ந்தன. நாய்கூடப் பார்த்தது. தமிழ் புரியாத அத்தனை பேருக்கும் நான் சொன்னது புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து குக்கருக்குள் செல்போன் அடித்தது. ரோஸ்லின்.

மேசையையும் சோபாவையும் நகர்த்திக் கதவைத் திறப்பதற்குள் மாடிப்படி நிறைய ஆள். ஷீபா என்னை அடிக்க வந்தவள் மாதிரி வந்து, கட்டிக்கொண்டாள். பிறகு நிஜமாகவே ஒரு அடி போட்டாள். சாவி ஆன்ட்டி தமிழில் தனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, தெரிந்த மீதித் தமிழில், "ரசம் சோறு?" என்று கேட்டார். கடைசியாக டுமிசானி வந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்பாவின் வில்லையை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார்.

"சார், ஆள் மேலே வந்துவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள்."

செல்போன் விடாமல் அடித்தது. குக்கரைத் திறந்து எடுத்தேன். "இன்னாங்க, எவ்ளோ நேரமா அடிக்கிறது? பொண்ணு இன்னான்னா டாடிய காணோம்னு அழுவுது!"

"கிடைச்சிட்டேன்" என்றேன். "ரோஸ்லின், நீ கேட்டியே... தேடறதுக்கு ஆளுங்க கீறாங்களான்னு."

"ஆமா."

மாடிப்படியைப் பார்த்தேன். நாயைக் கட்டிப்போட இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை. "நாயி உட்பட கீது" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப இருக்கட்டும்" என்றாள் பிறகு. ஷீபா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடி விழவில்லை.

மறுநாள் காலை ஆளெல்லாம் வேலைக்குப் போன பிறகு, மானம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க கேட்டுப் பக்கம் போனேன். டுமிசானி எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அவர் ஜிம்பாப்வேக்காரர். அவருக்கும் கேட்பதற்கு ஒன்று இருந்தது. அவருடைய தங்கை மகள் நோமாவுக்கு இந்தியாவில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். ஊர் பேரைத் துண்டுப் பேப்பரில் பார்த்துத்தான் சொன்னார்: கோலார்.

"கோலாரா! எங்கள் ஜில்லா! பஸ் ஏறினால் எங்கள் ஊர்!"

"பாதுகாப்பான இடமா, சார்? வீடியோவில் என்னென்னவோ பார்த்தேன்."

அவருக்கும் ஒரு வில்சன் இருந்திருக்கிறான்.

எங்கள் ஊரா, சொர்க்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. ஒரு நாள் எங்கள் ரயிலில் ஆப்பிரிக்கப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வாசல் வரை ஆட்கள் தொங்கினார்கள். அவன் பக்கத்து இடம் மட்டும் பெங்களூர் வரை காலியாகவே போனது. ஒருவன் அவனைப் படம் பிடித்துச் சிரித்தான். பர்ஸைப் பறித்தால்கூட திருப்பி வாங்கிவிடலாம், பறித்த மானத்தை வாங்க முடியாது.

"முறைத்துப் பார்ப்பார்கள்" என்றேன். "சிலர் அசிங்கமாகப் பேசுவார்கள். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பெண் ஒரு நாள் விடுதிக்கு வரவில்லையென்றால், தேட ஆள் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு."

டுமிசானி என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தின நாள் மேசைக்குப் பின்னால் ஒளிந்த ஆளை நம்பலாமா என்று யோசித்திருப்பார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய சோடாமூடியை விரலால் சுண்டினார். ஷீபா வேலைக்குப் போயிருந்தாள். "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

கிளம்புகிற அன்று அப்பாவின் வில்லையை ஷீபாவின் ஆணிக்கு மாற்றிவிட்டு, சோடாமூடியை நான் எடுத்துக்கொண்டேன். மானம் போகிறது என்று அவள் சொல்லவில்லை.

ஊர் திரும்பி சில மாதங்கள் கழித்து நோமா வந்தாள். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் கோலாருக்கு வருவதாகச் செய்தி. நானும் ரோஸ்லினும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். முதல் நாள் எங்கள் வீட்டில், மறுநாள் கல்லூரி. ரோஸ்லின் வாழைப்பழம் வாங்கப் போன நேரத்தில் பஸ் வந்துவிட்டது. பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிய பெண்ணை ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குப் பதறியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, மூச்சிரைக்க, "குடும்மா, குடு" என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அவள் கைப்பையில் இருந்து ஒரு பர்ஸை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, நேராகப் பார்த்து நின்றுகொண்டாள்.

பர்ஸ் எனக்குத் தெரிந்ததுதான். திறந்தேன். உள்ளே கேன்டீன் அட்டை, மீசையில்லாத நான். நோமா எட்டிப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னியுங்கள் அங்கிள். இதை உங்களிடம் சேர்க்கச் சொன்னார் மாமா. வழியில் யாராவது பெட்டியைப் பிடித்தால் பேசாமல் இதைக் கொடுத்துவிட்டு நில், இந்தியப் பழக்கம் அப்படி என்றும் சொன்னார்."

சபை அட்டையும் அப்படியே இருந்தது. அதோடு புதிதாக இன்னொரு அட்டை, கையால் எழுதியது, எனக்குப் புரியாத மொழியில்.

"இதில் என்னம்மா எழுதியிருக்கிறது?"

நோமா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்துச் சொன்னாள். "திருடக் கூடாது."

"எனக்கா?" என்றேன்.

வாழைப்பழத்தோடு வந்து நின்ற ரோஸ்லினுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். "பின்ன எனக்கா?" என்றாள். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, நோமாவின் தோளில் கை போட்டாள். "சீக்கிரம் வாங்க. காலைல இவ பஸ்ஸு ஏறிட்டாள்னு சேதி வந்ததுமே நம்ம வாசல் ஆணில சோடாமூடிய மாட்டிட்டு வந்தேன். லைன்ல எல்லாரும் பாத்துகினு கீறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா அந்த வில்சன் தேடிகினு கிளம்பிடுவான்."